நாலுருளியும் அவதானமும்

'பண்டிதருக்கும் பெற்றோல் வண்டிக்கும் என்ன உறவு?' என்று கேட்பார் சிலர் இருப்பர். கேள்வி நியாயமானதே. சென்ற ஆண்டு வரை நானும் அதனையே கேட்டிருப்பேன். கேட்டதோடு நில்லாது, அவ்வண்டியை இகழ்ந்து வகுப்பறையில் இரண்டொரு வசனம் பேசியும் இருக்கிறேன். 'காசு மிகுந்தவன் காட்டிற் சென்று புகை விடுகிறான்' என்பது அவ்வசனங்களுள் ஒன்று. மாணாக்கர் சிரித்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆதலின் இக்கட்டுரையை ஒரு மறுப்புரை எனக் கொள்ளலாம். மறுப்பவனும் மறுக்கப்படுபவனும் ஒருவனே என்பதுதான் இதில் உள்ள புதுமை.

முதலில் வண்டி இன்னதென்று சொல்லிவிடுதல் வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போலவே இருபுறமும் காலிட்டு அமரும் இருக்கை, கைபிடியும் அத்தகையதே. ஆனால் சக்கரம் நான்கு. ஒவ்வொன்றும் பூசணிக்காய் போலப் பருத்திருக்கும். மோட்டார்க் காரின் ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவிற் காற்றடைப்பார்கள். இதன் ரயருக்கு 5 இறாத்தல் அளவே போதும். காற்றுக் குறைந்த அப்பெருஞ் சக்கரம் கல்லின்மேலும் சேற்றின்மேலும் மெத்தென அமிழ்ந்து நிலத்தைக் கவ்விக்கொண்டு செல்லும். ஆங்கிலேயர் இதனைக் 'குவாட் பைக்' என்பர். துவிச்சக்கரவண்டி என்றும் முச்சக்கரவண்டி என்றும் வழங்கும் நம் நாட்டில், வடமொழி வழியே 'சதுச்சக்கரவண்டி' என்று சொல்லிப் பார்த்தேன், நா இடறிற்று. மோட்டார் சைக்கிளை உந்துருளி என எழுதும் பத்திரிகையாளரின் வழியைப் பற்றி, நாலுருளி என இங்கே வழங்குகின்றேன். இதனினும் நல்ல சொல் கண்டவர் அறிவித்தால் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

இதன் வரலாறும் சிறிது அறியத்தக்கது. யப்பானியராகிய ஹொண்டா கம்பெனியார் 1970இல் அமெரிக்கச் சந்தைக்கென இவ்வகை வண்டியை மூன்று சக்கரத்தோடுதான் முதலில் விற்றனர். சுசூக்கி கம்பெனியார் 1982இல் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தனர். மூன்று சக்கர வண்டி எளிதிற் கவிழ்ந்து பலரைப் பலிகொண்டமையால், 1988இல் அமெரிக்க அரசோடு செய்த இணக்கத்தின்படி அதன் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. முச்சக்கரவண்டியே வாழ்வென்றிருக்கும் கொழும்பு மக்களுக்கு இது வியப்பாயிருக்கும். ஆனால் காலி வீதி வேறு, காடு வேறு.

இனி, நான் அதில் ஏறிய கதை.

என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன், வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் ஐந்தாந் தட்டில் இருப்பவன். விடியற்காலையில் ஒரு பிரத்தியேக வகுப்பு, பின்பு பள்ளிக்கூடம், மாலையிற் கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு, இரவு கணினியின் முன் இன்னொரு வகுப்பு. இவ்வாறு மூன்றாண்டு சென்றது. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தபோது, மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே நின்றான். கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி எத்தகையதென்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே. வேறு மாவட்டத்திற் பிறந்திருந்தால் மருத்துவன் ஆகியிருப்பான் என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். அதனினும் கொடிய ஆறுதல் ஒன்றை நான் கேட்டதில்லை.

பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு கிழமை, இரு கிழமை என்று காலம் போயிற்று. "ஐயா, பிள்ளை கதவைத் திறக்கிறானில்லை, நீங்கள் ஒருக்கால் வந்து சொல்லுங்கோ" என்று தாயார் தொலைபேசியில் அழுதார். சென்றேன். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் இருந்து, கல்வியின் பயன் யாது, தோல்வி என்பது யாது என்று ஒரு மணித்தியாலம் பேசினேன். நல்ல பேச்சுத்தான். கதவு அதனைக் கேட்டது.

அக்காலத்தில் தாயாரின் தமையனார் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அவர் பேச்சை நம்புகிறவர் அல்லர். "மருமகனைக் கித்துல்கலைப் பக்கம் கொண்டுபோய் அந்த நாலு சில்லு வண்டியில் ஏத்தப்போறன்" என்றார். பையன் உள்ளிருந்தபடியே, "பண்டிதர் ஐயாவும் வந்தால் வாறன்" என்றான். அது சம்மதம் அன்று. நடவாத காரியம் ஒன்றை நிபந்தனையாக வைத்து மறுக்கும் நாகரிகம் அது. ஆசிரியன் வருவான் என்று அவன் கனவிலும் எண்ணவில்லை. எண்ணாதபடியால் நான் போகவேண்டியதாயிற்று.

கித்துல்கலை களனி கங்கையின் மேற்பாகத்தில் உள்ளது. அவிசாவளையைக் கடந்து அற்றன் வீதியிற் செல்லவேண்டும். ஆற்றுநீரின் வேகத்தில் றப்பர்த் தோணி விடுவோர் கூடும் இடம் அது. அவ்வூரை அடையுமுன்னே, றப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரமாக, சரிவிலே வளைந்து வளைந்து செல்லும் மண்பாதை ஒன்றை நாலுருளிக்கென ஒதுக்கியிருந்தார்கள். நான் வேட்டியோடு இறங்கினேன். அங்கு நின்ற சிங்கள இளைஞன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு காற்சட்டை கொண்டுவந்து கொடுத்தான். தலைக்கவசமும் மாட்டினான். பின்பு, ஓடுவதற்கன்றி நிற்பதற்கே முதலிற் கற்பித்தான். நாலுருளியின் வேகம் வலக்கைப் பெருவிரலில் இருக்கிறது. ஒரு சிறு தட்டை அழுத்தினால் ஓடும், விட்டால் ஓயும். "ஹெமிங், ஹெமிங், மாத்தயா" என்று அவன் சொல்லிய குரல் இன்னும் காதில் நிற்கிறது. மெல்ல, மெல்ல என்பது பொருள்.

ஏறியிருந்து ஓட்டினால் வண்டி போகும். மனிதனுக்கு அதில் வேலை என்ன என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முதல் வளைவிலேயே அவ்வெண்ணம் தகர்ந்தது. நாலுருளிகள் பலவற்றில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சிற் பூட்டியவை. மோட்டார்க் காரில் வளையும்போது வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் தாழ்ந்தும் சுழல்வதற்கு ஓர் அமைப்பு உண்டு. இங்கே அஃது இல்லை. ஆதலின் வண்டி நேரே போகவே விரும்பும். அதனை வளைக்கவேண்டுமானால், ஓட்டுபவன் தன் உடலை வளைவின் உட்புறம் சாய்த்து, காற்பலகையில் ஊன்றி, பாரத்தை இடமாற்ற வேண்டும். ஏற்றத்தில் மார்பு கைபிடியின்மேற் கவிய வேண்டும். இறக்கத்தில் இடுப்புப் பின்னே போகவேண்டும். குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் சாயவேண்டும். இருக்கையில் இருப்பவன் இருந்தபடியே இருப்பானாயின் வண்டி அவனைக் கேளாது. 200, 300 கிலோ எடையுள்ள ஒன்று கேளாதுபோனால் என்னாகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

'இயந்திரம் உழைக்கிறது, மனிதன் சவாரி செய்கிறான், இதில் எங்கே தேகப்பயிற்சி?' என்று என் நண்பராகிய பண்டிதர் ஒருவர் பிற்பாடு வினாவினார். குதிரை ஓட மனிதன் இருப்பதைக் குதிரையேற்றம் என்று கலைகளுள் ஒன்றாக எண்ணியவர் நம் முன்னோர். இருத்தல் என்பதும் ஒரு தொழிலே. அவர் விடவில்லை: "குதிரைக்கு உயிர் உண்டு." இருக்கலாம், ஆனால் அன்று ஈரப் பாதையில் என்கீழ் இருந்தது உயிரற்றது என்று சத்தியஞ் செய்ய என்னால் இயலாது.

உடம்புக்கு வரும் பயனை அளந்து பார்த்தவர்களும் உளர். கனடா தேசத்து யோர்க் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, வாளாவிருக்கும் ஒருவன் கொள்ளும் ஒட்சிசனைப்போல் 3.5 மடங்கு ஒட்சிசனைக் கரட்டுவழியில் நாலுருளி ஓட்டுவோன் கொள்கிறான். அவ்வழியில் இருசக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டுவோன் 6 மடங்கு கொள்கிறான். 3.5 மடங்கு என்பது சற்று விரைந்த நடைக்கு ஒப்பாகும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறியில், வளர்ந்தவர்க்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் நடுத்தரமான உடலுழைப்பு வேண்டும் என்றும், 5 வயது முதல் 17 வயதுள்ளோர்க்கு நாடோறும் 60 நிமிடம் வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. இலங்கையில் வளர்ந்தோர் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முந்திய நிலையோ உண்டென்று 2008இலேயே ஓர் ஆய்வு சொல்லிற்று. வெள்ளவத்தையில் மாலை ஆறு மணிக்கு எத்தனை பிள்ளைகள் அறுபது நிமிடம் உடம்பை அசைக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பத்து விரலும் தேவைப்படவில்லை.

நேர்மையாகச் சொன்னால், உடற்பயன் அவ்வளவே. நடைக்கு ஒப்பான ஒன்றைச் செய்ய நூறு கிலோமீற்றர் போய்ப் பெற்றோல் எரிக்க வேண்டுமா? வேண்டா. கடற்கரை வீதியில் நடந்தாற் போதும். மறுநாட் காலையில் என் புயங்களும் முதுகும் வலித்த வலி, நடையினால் வராத வலி என்பது மெய்தான். எனினும் அதனை வைத்து நான் வாதாட வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

இறக்கம் ஒன்றிற் போகும்போது, முன்னே சென்ற சிங்கள இளைஞன் திரும்பி, "எதன அவதானம்!" என்று கூவினான். அவ்விடத்தே கவனமாக இரும் என்கிறான் என்று கொண்டு, நான் கவனமாக இருந்தேன். வீடு திரும்பியபின் சிங்களம் கற்பிக்கும் நண்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிங்களத்தில் 'அவதானம' என்பது ஆபத்தின் சாத்தியத்தைக் குறிக்கும்; கவனத்தைக் குறிக்கும் சொல் 'அவதானய'. எழுத்தில் அவை தகரத்தால் வேறுபடும். நம் எழுத்தில் அவ்வேறுபாடு மறைந்துபோம். 'அவ்விடம் ஆபத்து' என்றுதான் அப்பிள்ளை சொல்லியிருக்கிறான். நான் பிறழ உணர்ந்தேன். பிறழ உணர்ந்தும் பிழைத்தேன். இரு சொல்லும் ஒலியில் அருகருகே நிற்பதைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆபத்து அருகில் இருந்தபடியால் அல்லவோ கவனம் வந்தது!

அவதானம் என்பது நம்மிடத்தில் ஒரு பெருங்கலையாய் இருந்ததொன்று. ஒரே வேளையில் எட்டுப் பொருளிற் கருத்தைச் செலுத்துபவன் அட்டாவதானி. நூற்றிற் செலுத்துபவன் சதாவதானி. புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் போற்றப்பட்டவர், அகராதி செய்தவர், திரு. வி. க. அவர்களுக்குத் தமிழ் ஆசிரியர். ஒருபுறம் வெண்பாவின் ஈற்றடிக்கு முன்னடி பாட, ஒருபுறம் கணக்குக்கு விடை சொல்ல, ஒருபுறம் முதுகில் எறியும் பூவை எண்ண, அவ்வளவும் நினைவில் நிற்க வேண்டும். இக்கலை இன்று மேடையில் அரிதாயிற்று. அதன் நிழல் ஒன்றையேனும் அம்மண்பாதையிற் கண்டேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எண்ணிப் பாருங்கள்: பெருவிரல் வேகத்தில், இடக்கை தடையில், கண் பத்து முழத்துக்கு அப்பாலுள்ள கல்லில், இடுப்புச் சாய்வில், பாதம் ஊன்றலில், செவி இயந்திரத்தின் முனகலில், முன்செல்பவன் நின்றானா என்பதில் ஒரு நினைவு, அடுத்த வளைவு எப்பக்கம் என்பதில் ஒரு நினைவு. எட்டாயிற்று. மேடையிலே தவறினாற் கைதட்டல் குறையும். இங்கே தவறினாற் கால் முறியும்.

உடலியலார் இதனை வேறு சொல்லாற் கூறுவர். உட்செவியில் அரைவட்டக் கால்வாய்கள் மூன்று உள. தலை எப்பக்கம் எவ்வளவு விரைவிற் சுழல்கிறது என்பதை மூளைக்கு அறிவிப்பன அவை. தசையும் மூட்டும் தாம் நிற்கும் நிலையை அறிவிக்கும். கண் தான் கண்டதை அறிவிக்கும். இம்மூன்றையும் மூளி என்னும் சிறுமூளை கணந்தோறும் ஒப்பிட்டு உடலை நிமிர்த்துகின்றது. சமதரையில் அதற்குப் பெரிய வேலையில்லை. நாற்காலியில் இருப்பவனுக்கோ அது பெரும்பாலும் உறங்குகின்றது எனலாம். கரட்டுநிலத்தில் ஒரு கணமும் உறங்க ஒண்ணாது. இவ்வளவு செய்தியும் ஒருசேர வந்து நிறைகின்றபோது, பழைய கவலைக்கு உள்ளே இருக்க இடமில்லாமற் போகின்றது. கவலை தீர்வதில்லை. வெளியே நிற்கின்றது. அரைமணி நேரம் வெளியே நிற்கின்றது.

சோற்றுப் பொதி அவிழ்த்தபோது என் மாணாக்கன் இரண்டு பொதி உண்டான். நெற்றியிற் சேறு. "ஐயா, அந்த அரை மணித்தியாலம் எனக்கு ரிசல்ட் ஞாபகமே வரேல்லை" என்றான். பிறகு, "நீங்கள் அந்தத் தண்ணிக்குள்ள இறங்கேக்க கண்ணை மூடினனீங்கள்" என்றான். அது பொய், ஒரு கண்ணைத்தான் மூடினேன்.

மறுநாள் அவன் அறைக்கதவு திறந்திருந்தது. அதற்கு மறுநாள் மூடியிருந்தது. இதனை மறைத்தால் நான் மருந்து விற்பவனாகிவிடுவேன். மனம் நெடுநாள் இருண்டவர்க்கு அதற்குரிய மருத்துவர் உளர். அவனும் மருத்துவரிடம் சென்றான், செல்கின்றான். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு அறையைவிட்டு வெளியே வரவேண்டும். முதன்முறை வெளியே கொண்டுவந்தது என் ஒரு மணித்தியாலப் பேச்சு அன்று.

இங்கே என் இளமையை ஓரடி நினைக்கவேண்டியிருக்கிறது. வடமராட்சியின் மணல் ஒழுங்கைகளில் துவிச்சக்கரவண்டி ஓட்டி வளர்ந்தவன் நான். மணலில் முன்சக்கரம் புதையும். கைபிடியை இறுகப் பிடித்தாற் கவிழும், நெகிழப் பிடித்தாற் போகும். 1990களில் பெற்றோல் தடைப்பட்டபோது குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஏறிற்று. நெல்மூட்டையும், நோயாளியும், சில வேளைகளில் ஒரு வீடு முழுவதுமே அதில் ஏறின. பள்ளமும் திட்டியுமான அவ்வழிகளில் நாம் கற்ற அவதானத்துக்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை. அக்காலம் மீண்டும் வருக என்று எவனும் வேண்டான். எனினும், ஐந்தாந் தட்டில் வளர்ந்து, மின்தூக்கியில் இறங்கி, சமதரையில் நடந்து, நாற்காலியில் இருந்து, மீண்டும் மின்தூக்கியில் ஏறும் பிள்ளைக்கு, நிலம் மேடு பள்ளமானது என்ற செய்தியே பாடப்புத்தகச் செய்தியாய்ப் போயிற்று. முதன்முதல் அவன் கண்ட பள்ளம் வெட்டுப்புள்ளி. அதில் எப்படிச் சாய்வது, எங்கே பாரத்தை மாற்றுவது என்று அவன் உடம்புக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையிலே விவேகானந்த சபை நிற்கும் மேட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கொரு நினைவு வரும். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு தை மாதத்திற் கொழும்பில் வந்திறங்கினார். அவ்வாண்டிலேயே சென்னை இளைஞர்க்குப் பேசியபோது, கீதையை அறியுமுன் புயத்தில் வலிமை வேண்டும், காற்பந்தாட்டம் அதற்குத் துணைசெய்யும் என்ற கருத்தைச் சொன்னார். அவர் பெயரால் விழா எடுக்கிறோம். மாலை நேரத்தில் அவர் சொன்ன ஆட்டத்துக்கு நம் பிள்ளைகளிடம் மணித்தியாலம் இல்லை.

இனி ஆபத்தைச் சொல்லாமல் விடுவது அறமன்று. நாலுருளி கவிழும், கவிழ்ந்தால் ஓட்டினவன்மேல் விழும். அவுஸ்திரேலியாவிற் பண்ணைகளில் இதனாற் பலர் இறந்தமையால், 2021 ஒக்ரோபர் முதல் அங்கே பொதுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் புதிய நாலுருளி ஒவ்வொன்றிலும், கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுக்காது காக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும் எனச் சட்டமாயிற்று. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஓட்டலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் உறுதியான கருத்து. ஒருவருக்கென அமைந்த வண்டியில் இருவர் ஏறலாகாது. பின்னிருப்பவன் ஓட்டுபவனின் சாய்வைக் கெடுப்பான். மடியிற் குழந்தையை இருத்திப் படம் பிடிக்கும் தந்தையரை அன்று கண்டேன். அவர்களை நினைத்தே இவ்வரிகளை எழுதுகின்றேன்.

வேகமும் வேடிக்கையும் கூடினால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. தியத்தலாவையில் இராணுவத்தினரின் மண்பாதையில் நடைபெறும் பொக்ஸ் ஹில் பந்தயம் பெயர்பெற்றது. 2024 ஏப்ரில் 21ஆம் திகதி அங்கே பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துட் பாய்ந்ததில், குழந்தை ஒன்று உட்பட எழுவர் மாண்டனர். அது நாலுருளி அன்று, கார். ஆயினும் பாடம் ஒன்றே. நான் புகழ்வது கரட்டு நிலத்தை, வேகத்தை அன்று. மெல்லச் செல்பவனுக்கே கல்லும் வேரும் பாடம் சொல்லும். விரைபவன் அவற்றைப் பார்ப்பதேயில்லை. 'ஹெமிங், ஹெமிங்' என்ற பிள்ளையே அங்கே என் ஆசான்.

மற்றொரு குற்றம் இதனினும் எனக்கு வருத்தந் தருவது. அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. கார்காலத்து மாலையிற் காட்டுவழியே தேரில் மீளும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். காதலியைக் காணும் விரைவுள்ளவன் அவன். அவ்விரைவிலும் வண்டுக்காக மணியின் நாவைக் கட்டினான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே, காட்டில் வண்டி ஓட்டுபவனுக்கு இதனினும் நுண்ணிய சட்டம் எவர் செய்தார்? அன்று எங்கள் நாலுருளி ஐந்தும் எழுப்பிய ஓசையில், அத்தோட்டத்திற் பறவை ஒன்றும் இருந்திராது. என் மனத்தில் அமைதி பிறந்தது. மரத்தில் அது போயிற்று. இக்கணக்கை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

ஆதலின் ஒதுக்கிய பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது என்பது என் கருத்து. 'எந்நிலத்தும் செல்லும் வண்டி' என்று ஆங்கிலத்தில் இதற்கொரு பெயருண்டு. செல்லக்கூடிய நிலமெல்லாம் செல்லத்தக்க நிலம் அன்று. வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்றோர் ஊர் உண்டு. மணலிற் புதைந்த பழைய தேவாலயமும் குன்று குன்றான மணலும் அங்கே உள்ளன. அம்மணலை நாலுருளிக்குத் திறந்துவிட்டால் எவ்வளவு மகிழ்ச்சி என்று வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சொன்னார். மணலைப் பிடித்து நிற்பவை சிறு கொடிகள். கொடி அறுந்தால் மணல் நடக்கும்; ஊருக்குள்ளே நடக்கும். ஆமை முட்டையிடும் கரைகளுக்கும் இதுவே நியாயம். வடக்கில் வேறொரு காரணமும் உண்டு. முகமாலைப் பக்கத்திற் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டு நடந்ததென்பதை அறிந்தவன், பாதையை விட்டு விலகி ஓட்டுதலை விளையாட்டென்று சொல்லமாட்டான்.

கட்டணம் என்பது இன்னொரு தடை. அரைமணிக்கு அவர்கள் வாங்கிய காசில் நான் ஒரு நல்ல அகராதி வாங்கியிருப்பேன். அன்று கனடா மாமா கொடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் கனடாவில் மாமா இல்லை. கொட்டாஞ்சேனையில் ஓரறை வீட்டிலிருந்து வரும் மாணாக்கனுக்கு நாலுருளியின் பெருமையைச் சொல்வது, பசித்தவனுக்கு அறுசுவையின் இலக்கணம் சொல்வது போலாகும். ஆனால் அவன் பெறவேண்டியது நாலுருளியை அன்று, கரட்டு நிலத்தை. அந்நிலம் களனிக் கரையிலும் உண்டு, மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலும் உண்டு. பழைய துவிச்சக்கரவண்டி ஒன்றும் தலைக்கவசம் ஒன்றும் வழிகாட்ட ஒருவனும் இருந்தால், அட்டாவதானத்தில் ஆறேனும் அங்கே கிடைக்கும், ஓசையும் இல்லை. சனி ஞாயிறுகளில் ஒரு பிரத்தியேக வகுப்பைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். இதனைப் பெற்றோர் கூட்டம் ஒன்றிற் சொன்னேன். எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. எனினும் எவரும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

ஒருவர் மட்டும் கேட்டார்: "பெடியளுக்குச் சரி ஐயா, பெட்டையளை எப்படி அனுப்புறது?" பிரத்தியேக வகுப்புக்கு விடியற்காலை இருளில் அனுப்புகிறோமே, அவ்வாறே அனுப்பலாம் என்றேன்.

என் வகுப்பிற் பதினேழு வயது கடந்தவர் பன்னிருவர். வரும் விடுமுறையில் அவர்களை அம்மலைச்சரிவுக்கு அழைத்துச் செல்வதென்றும், நாலுருளியில் ஒரு சுற்று, மற்றவை துவிச்சக்கரவண்டியிலும் காலிலும் என்றும் ஏற்பாடு. என் பழைய மாணாக்கன் வழிகாட்டியாக வருகிறேன் என்றிருக்கிறான். அவ்வாறு சொன்ன நாளில் அவன் கதவு திறந்திருந்தது. பன்னிருவர் கையிலும் பெற்றோரின் சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பினேன். இதனை எழுதும்வரை நான்கு திரும்பி வந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு பெண்பிள்ளைகளுடையவை.